சராசரி நாளுக்கா, வரத்து நாளுக்கா? தரவுத்தள சர்வர் தேர்வு குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் நிறுவனங்கள் கிளவுட் செலவைக் குறைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. தரவுத்தளத்துக்கு, ஒரே சர்வரின் திறனைப் பலர் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு வகை சர்வரே தாராளமாகப் போதும், நமக்கென்றே திறனை ஒதுக்கித் தரும் தனி ஒதுக்கீட்டு வகை பெரிய நிறுவனங்களின் ஆடம்பரம் என்பது அதன் சாரம். டெல்டா மாவட்டங்களில் அரிசி ஆலைகள், நெல் வியாபாரிகள், உரக்கடைகள், கும்பகோணத்து நிதி நிறுவனங்கள் சிலவற்றுக்கு மென்பொருள் செய்து தந்து, அவற்றின் தரவுத்தளங்களையும் பராமரித்து வருகிறேன். அந்த அறிவுரையில் பாதி சரி; மறுபாதி நம் பகுதித் தொழிலுக்குப் பொருந்தாது. பகிர்வா, தனியா என்ற கேள்விக்கு ஆண்டின் சராசரிச் சுமையைப் பார்த்து விடை சொல்வதுதான் சிக்கலின் வேர். நெல் வரத்து உச்சத்தில் இருக்கும் ஒரு நாளின் முற்பகலை எடுத்துவைத்துக்கொண்டுதான் விடை தேட வேண்டும் என்பது என் கருத்து.

பகிர்வு வகை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பையிலோ சென்னையிலோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் சர்வரில், ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் பல வாடிக்கையாளர்களின் மெய்நிகர் கணினிகளை ஒருங்கே ஓட்டுகிறது. அவர்கள் அனைவருக்கும் விற்ற கோர்களை, அதாவது செயலியின் கணக்கிடும் அலகுகளை, கூட்டிப் பார்த்தால், அந்த சர்வரில் உண்மையில் உள்ள கோர்களைவிடக் கூடுதலாக வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் முழு வேகம் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் விலை குறைகிறது. அப்படிக் கேட்டுவிட்டால், ஒவ்வொருவருக்கும் மில்லிநொடிக் கணக்கில் முறை வைத்துக் கொடுக்கப்படும். காவிரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது நமக்குப் பழகியதுதான். ஆனால் அங்கே எந்த ஆற்றில் எத்தனை நாள் தண்ணீர் என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். கடைமடைக்காரர் அதைப் பார்த்து நாற்று விடுவார். சர்வரில் அப்படி அறிவிப்பு எதுவும் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் யார், அவர் எப்போது மொத்தத்தையும் இழுப்பார் என்பது நமக்குத் தெரிய வழியே இல்லை.

இதிலும் இரண்டு விதம் உண்டு. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகவே பேசிவிட்டார். ஒன்று, மேலே சொன்னதுபோல அக்கம்பக்கத்துச் சுமையைப் பொறுத்து வேகம் ஏறி இறங்குவது. மற்றொன்று, அமேசானின் டி வகை சர்வர்களில் உள்ளதுபோல கிரெடிட் கணக்கு வைத்து வேகத்தை அளந்து தருவது. டி3.மீடியம் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். அதில் 2 மெய்நிகர் கோர்களும் 4 ஜிபி நினைவகமும் உண்டு. ஒரு கோர் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு கிரெடிட் செலவாகும். மணிக்கு 24 கிரெடிட் வரவு வைக்கப்படும். அதிகபட்சம் 576 வரை சேமிக்கலாம். அதாவது ஒவ்வொரு கோரின் 20 சதவீத வேகம்தான் நாள் முழுதும் நிச்சயம். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் சேமிப்பிலிருந்து எடுப்பது. இரண்டு கோரும் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 120 செலவு, 24 வரவு, நிகரமாக 96 குறையும். சேமிப்பு நிறைந்திருந்தாலும் 6 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். காலை 9 மணிக்கு எடைமேடை சூடு பிடித்தால் பிற்பகல் 3 மணிக்குக் கையிருப்பு காலி. லாரிகள் வரிசையில் நிற்பதோ மாலை வரை.

தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்பது நாம் எதை வாங்கினோம் என்பதைப் பொறுத்தது. நாமே ஒரு சர்வர் எடுத்து அதில் தரவுத்தளத்தை நிறுவி, அதை ‘ஸ்டாண்டர்டு’ முறையில் வைத்திருந்தால், வேகம் அந்த 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பராமரிப்போடு சேர்த்து விற்கப்படும் அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் டி3 எடுத்தால் இயல்பாகவே ‘அன்லிமிடெட்’ முறைதான். வேகம் இறங்காது, ஆனால் 24 மணி நேரச் சராசரி அடிப்படை அளவைத் தாண்டும்போது கூடுதல் கட்டணம் ஏறும். மாதம் இவ்வளவுதான் என்று ஆலை முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஜனவரி மாதக் கட்டணச் சீட்டை அவர் முன் வைக்கும் நிலை எவருக்கும் வேண்டாம்.

வேகம் இறங்கும் முறையில் இன்னொரு பொறி இருக்கிறது. கிரெடிட் தீர்ந்துபோன சர்வரின் பயன்பாட்டு வரைபடத்தைத் திறந்து பார்த்தால், கோடு 20 சதவீதத்தில் தட்டையாக ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பவர், இன்னும் 80 சதவீதம் சும்மாதானே இருக்கிறது, சர்வரில் குறை இல்லை, உங்கள் மென்பொருளில்தான் கோளாறு என்று சொல்லிவிடுவார். அதே நேரத்தில் சர்வருக்குள் போய் ‘டாப்’ கட்டளையைக் கொடுத்தால், கடைசியில் ‘எஸ்டி’ என்று குறிக்கப்பட்ட எண் எக்கச்சக்கமாக இருக்கும். ஓடத் தயாராக இருந்தும் ஹைப்பர்வைசர் கோரைத் தராததால் காத்திருந்த நேரம் அது. பராமரிப்போடு சேர்த்து விற்கப்படும் தரவுத்தளச் சேவைகளில் நமக்கு உள்ளே நுழையும் உரிமையே இல்லாததால் இந்த எண்ணை நேரடியாகப் பார்க்க முடியாது. கிரெடிட் இருப்பு வரைபடத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் பயன்பாட்டுச் சதவீதத்தை மட்டும் பார்த்து, பகிர்வு வகையே போதும் என்று முடிவு கட்டுவது சரியல்ல.

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆலையில் நான் கண்டதைச் சொன்னால் இது விளங்கும். எடைமேடையில் லாரி நிற்கிறது. கணக்கர் பொத்தானை அழுத்தினால் எடைச் சீட்டு அச்சாக வேண்டும். அச்சானால்தான் லாரி இறங்கும், அடுத்தது ஏறும். வழக்கமாகக் கண் இமைக்கும் நேரத்தில் வருவது, அன்று சில நொடிகள் ஆகிறது. கணக்கர் மறுபடி அழுத்துகிறார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்கவும் திரையையே புதுப்பிக்கிறார். ஒவ்வொரு அழுத்தலும் தரவுத்தளத்துக்குப் புதிய வேலை, முந்தையதும் முடிந்திருக்காது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி பிராசஸ், அதாவது தனியாக ஓடும் நிரல், உண்டு. இயல்பாக 100 இணைப்புகள்தான் வரம்பு. ஏற்கெனவே மூச்சு வாங்கும் கோர், அரைகுறையாக நிற்கும் வேலைகளுக்கிடையே மாறி மாறிப் பிய்த்துக்கொள்கிறது. வரிசை நீளும்தோறும் அழுத்தல்கள் கூடுகின்றன, அழுத்தல்கள் கூடும்தோறும் வரிசை நீள்கிறது. கொஞ்சம் தாமதம்தானே என்று கட்டுரையாளர் எளிதாகச் சொல்லிவிட்ட இடம் இதுதான். தரவுத்தளத்தில் கொஞ்சம் தாமதம் கொஞ்சமாகவே நின்றுவிடுவதில்லை.

இதனால் எல்லாரும் தனி ஒதுக்கீட்டுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நிதி நிறுவனங்களில் மாத இறுதியில் வட்டி வரவு வைக்கும் வேலை இரவில் ஓடுகிறது. அது இருமடங்கு நேரம் எடுத்துக்கொண்டாலும் காலையில் கிளை திறப்பதற்குள் முடிந்தால் போதும். உரக்கடையில் நாளெல்லாம் பில் போட்டாலும் சர்வர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். சோதனைக்கான தரவுத்தளம், அறிக்கை எடுப்பதற்கான நகல் போன்றவற்றுக்குத் தனிக் கோர் வாங்குவது வீண் செலவு. இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பகிர்வு வகைதான் என் முதல் பரிந்துரையும். அந்தப் பாதியில் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை.

அதுமட்டுமல்ல, மெதுவாக ஓடும் தரவுத்தளங்கள் பலவற்றில் குற்றவாளி கோரே அல்ல. விவசாயி பெயரை வைத்துத் தேடும் அட்டவணையில் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசைப் பட்டியல் போன்றது) போடாமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு தேடலுக்கும் முழு அட்டவணையும் வாசிக்கப்படும். அல்லது இணைப்புகளைச் சேர்த்துவைத்துப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை நிறுவாமல், ஒவ்வொரு கணினியும் தன்போக்கில் இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் தனிக் கோர் வாங்கினால், அடுத்த பருவத்தில் இன்னும் பெரிய சர்வர் கேட்டு நிற்பார்கள். தனி ஒதுக்கீட்டுக்கு மாறியதும் வேகம் பறக்கிறது என்று சிலர் சொல்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டி3.மீடியத்தில் நினைவகம் 4 ஜிபி. தனி ஒதுக்கீட்டு எம் வகையின் ‘லார்ஜ்’ அளவில் அதே 2 கோர்களுக்கு 8 ஜிபி. அடிக்கடி தேவைப்படும் தரவு முழுவதும் நினைவகத்தில் அடங்கிவிட்டதால் கிடைத்த வேகத்தைக் கோரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் பகிர்வு வகையிலேயே 8 ஜிபி உள்ள டி3.லார்ஜ் எடுத்துப் பார்த்திருக்கலாம். அதில் நிச்சய வேகமும் 30 சதவீதம்.

கட்டுரையில் அறவே தொடப்படாதது கிளஸ்டர், அதாவது ஒரே தரவுத்தளத்தைச் சேர்ந்து தாங்கும் பல சர்வர்களின் கூட்டு. ஒற்றை சர்வர் மெதுவானால் அதன் வேலை மட்டும் மெதுவாகும். கிளஸ்டரிலோ பல சர்வர்கள் ஒன்றையொன்று நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்களில் தலைமை யாருக்கு என்ற பதிவை வைத்திருக்கப் பரவலாகப் பயன்படும் எட்சிடி, இயல்பான அமைப்பில் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை நாடித்துடிப்பை அனுப்பும். 1000 மில்லிநொடி அது வராவிட்டால் தலைமைக்கு மறுதேர்தல் தொடங்கிவிடும். மோங்கோடிபி என்னும் தரவுத்தளத்தில் துடிப்பு 2 நொடிக்கு ஒன்று, பொறுமை 10 நொடி. பகிர்வு வகையில் ஒரு கணினிக்குக் கோர் கிடைக்காமல் அந்த நேரம் கடந்துவிட்டால், உயிரோடு இருக்கும் சர்வரை மற்றவை இறந்ததாக எண்ணிவிடும். தேர்தல் முடிந்து புதிய தலைமை வரும்வரை எழுதும் வேலை நிற்கும்; மெதுவானதாக மட்டும் இருந்த ஒரு பிரச்சினை, சேவையே நின்றுபோன பிரச்சினையாக மாறும். மைஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் கேலரா முறைக் கிளஸ்டரில் இது வேறு வடிவில் வரும்: மூன்றில் ஒன்று பின்தங்கினால், அது எட்டிப் பிடிக்கும்வரை மற்ற இரண்டும் எழுதுவதை நிறுத்திவைக்கும். ஆகவே கிளஸ்டரின் வேகம் அதன் மிக மந்தமான உறுப்பினரின் வேகம்தான்.

செலவைக் குறைக்கப் பலர் செய்வது, முதன்மை சர்வரைத் தனி ஒதுக்கீட்டிலும், அது விழுந்தால் பொறுப்பேற்க வேண்டிய நகலைப் பகிர்வு வகையிலும் வைப்பது. அமைதியான மாதங்களில் இதில் தவறே தெரியாது. முதன்மை சர்வர் விழுவதற்கு வாய்ப்பு அதிகமாக இருப்பது சுமை உச்சத்தில் இருக்கும் நாளில். அன்றைக்கு அந்த முழுச் சுமையும் பாதி பலம் கொண்ட நகலின் தலையில் இறங்கும். அறிக்கைக்கு மட்டுமான நகல் எப்படியும் இருக்கட்டும். பொறுப்பேற்கும் நகல் முதன்மைக்குச் சமமாகத்தான் இருக்க வேண்டும்.

சேவை தருபவர்களே இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. கூகுளின் தரவுத்தளச் சேவையான கிளவுட் எஸ்க்யூஎல்லில் பகிர்வுக் கோர் அளவுகள் இரண்டும் சேவை உத்தரவாதத்துக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. மைக்ரோசாஃப்ட் அசூரின் போஸ்ட்கிரெஸ் சேவையில் பகிர்வு வகைக்கு ஒப்பான ‘பர்ஸ்டபிள்’ அடுக்கை எடுத்தால், ஒன்று விழுந்தால் மற்றொன்று தானாக ஏற்கும் உயர் கிடைநிலை வசதி கிடையாது. அமேசான் தன் அரோரா தரவுத்தளக் கிளஸ்டர்களுக்கு, டி வகையைச் சோதனை, மேம்பாடு போன்றவற்றுக்கு மட்டும் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறது. விற்பவரே பொறுப்பேற்கத் தயங்கும் இடத்தில், வாங்குபவர் மட்டும் எந்தத் தைரியத்தில் வியாபாரத்தை முழுக்க வைப்பது?

இன்னொரு பக்கம், தனி ஒதுக்கீடு என்று எழுதியிருப்பதை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. மோங்கோடிபியின் கிளவுட் சேவையான அட்லஸில் ‘டெடிகேட்டட்’ வரிசை எம்10இல் தொடங்குகிறது. ஆனால் எம்10, எம்20 இரண்டும் கோர் விஷயத்தில் கிரெடிட் போன்ற ஏறி இறங்கும் ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. நிலையான வேகம் எம்30இல்தான் ஆரம்பம். இன்டெல் சர்வர்களில் பொதுவாக ஒரு மெய்நிகர் கோர் என்பது ஒரு கோரின் இரண்டு த்ரெட்களில் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை ஓட்டங்கள்) ஒன்று. இரண்டு வாங்கினால் உண்மையில் ஒரு முழுக் கோர். டிஸ்க்கோ முற்றிலும் வேறு கணக்கு. அமேசானின் பழைய ‘ஜிபி2’ (gp2) வகை டிஸ்க்கில் ஒரு ஜிபி அளவுக்கு நொடிக்கு 3 வாசிப்பு, எழுத்துச் செயல்கள்தான் அடிப்படை, குறைந்தபட்சம் 100. சேமிப்பு இருக்கும்வரை 3000 வரை போகலாம், சிறிய டிஸ்க்கில் அது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். கோரை மட்டும் தனியாக வாங்கிவிட்டு டிஸ்க்கை இப்படி விட்டுவைத்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். எந்த அளவிலும் 3000 செயல்களை நிலையாகத் தரும் ‘ஜிபி3’ (gp3) வகை வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், இதை மாற்றாமல் வைத்திருக்கக் காரணமே இல்லை.

இனி நம் பகுதிக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். ஐ.டி. நிறுவனத்தின் சுமை ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கலாம். டெல்டாவில் குறுவை நெல் வரும் செப்டம்பர், அக்டோபரும், சம்பாவும் தாளடியும் வரும் ஜனவரி முதல் மார்ச் வரையும்தான் ஆலைகளுக்கும் வியாபாரிகளுக்கும் உயிர் போகும் மாதங்கள். மற்ற மாதங்களில் பகிர்வு வகை தேவைக்கும் அதிகம். கிளவுட் கட்டணம் மணிக்கணக்கில் என்பதால், அமைதி மாதங்களில் பகிர்வு வகையில் வைத்து, பருவம் தொடங்கும் முன் தனி ஒதுக்கீட்டுக்கு ஏற்றி, முடிந்ததும் இறக்கிவிடலாம். ஏற்றுவதற்குச் சில நிமிடங்கள் தரவுத்தளம் நிற்கும். இரவு 11 மணிக்குச் செய்தால் யாருக்கும் தெரியாது. ஒரே அளவில் ஆண்டு முழுதும் கட்டுவதைவிட இது மலிவு, பகிர்வு வகையிலேயே கிடப்பதைவிடப் பாதுகாப்பு.

ஆனால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்க முடியாது. மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்பட்டது 2022இல் மே 24, 2023இல் ஜூன் 12, 2024இல் ஜூலை 28. இரண்டு மாதங்களுக்கும் மேலான இந்த வித்தியாசம் நடவையும் அறுவடையையும் அப்படியே தள்ளிவிடுகிறது. பம்புசெட் உள்ளவர்கள் ஆற்று நீருக்குக் காத்திராமல் நட்டுவிடுவதால் வரத்து சிதறியும் வரும். குறுவை ரகங்களின் வயது ஏறக்குறைய 110 நாள் என்பதால், நடவு தெரிந்த பிறகு சர்வரை ஏற்றும் வாரத்தைக் கணிக்க நமக்குப் போதிய அவகாசம் இருக்கிறது. தள்ளுபடி கிடைக்கிறதே என்று ஓர் ஆண்டு, மூன்று ஆண்டு முன்பதிவுத் திட்டங்களில் பெரிய அளவுக்குக் கையெழுத்துப் போடுவது இந்த நெகிழ்வைக் கெடுத்துவிடும். ஆண்டு முழுதும் ஓடும் சிறிய அளவுக்கு மட்டும் முன்பதிவு செய்து, பருவத்துக் கூடுதலை மணிக்கட்டணத்தில் வைத்துக்கொள்வதே பொருத்தம். வேளாங்கண்ணி விடுதிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; அவர்களுடைய உச்சம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை என்பது முன்பே தெரிந்ததுதான்.

கூட்டுறவுச் சங்கங்கள், ஆலை உரிமையாளர் சங்கங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவை மென்பொருளுக்கு விலைப்புள்ளி கேட்கும்போது, ‘கிளவுட் சர்வர் உட்பட’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பதால், எடுப்பவர் இயல்பாகவே மலிவான பகிர்வு வகையைப் போட்டுவிடுகிறார். அதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்காததை யாரும் தரமாட்டார்கள். கோர் பகிர்வா தனியா, நிச்சய வேகம் எத்தனை சதவீதம், நினைவகம் எவ்வளவு, டிஸ்க் எந்த வகை, பொறுப்பேற்கும் நகல் முதன்மைக்குச் சமமா, பருவ மாதங்களில் அளவை ஏற்றுவதற்கான கட்டணம் யார் தலையில் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்றால், விலைப்புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிடவாவது முடியும். கூடவே, கடந்த ஜனவரியின் மிகப் பரபரப்பான நாளின் பதிவுகளை எடுத்து, அதே வேகத்தில் புதிய சர்வரில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். அந்தச் சோதனை அரை மணி நேரத்தோடு நின்றுவிடக் கூடாது. கிரெடிட் சேமிப்பு தீரும் அளவுக்கு, குறைந்தது ஒரு முழு வேலைநாள் ஓட வேண்டும். குறுவை வரத்துக்கு முன், ஆகஸ்டில் இதைச் செய்தால், குறை தெரிந்தாலும் திருத்திக்கொள்ள நாள் இருக்கும்.

மடல் நீண்டுவிட்டது, இடத்துக்கேற்பச் சுருக்கிக்கொள்ள ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு. சுருக்கும்போது கிரெடிட் கணக்கையும் விலைப்புள்ளி பற்றிய பத்தியையும் மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.